கணக்குக் கேளுங்கள், கழுத்தைப் பிடிக்காதீர்கள்

தொண்டு நிறுவனம் என்றாலே "கணக்கு வழக்கே கிடையாது" என்று ஒரு பேச்சு. உள்ளே வேலை பார்த்தவர்களுக்குச் சிரிப்புதான் வரும். காலாண்டு அறிக்கை, தணிக்கை அறிக்கை, கூட்டத்துக்கு வந்தவர்களின் கையெழுத்துத் தாள், பஸ் டிக்கெட்டை ஒட்டி வைத்த வவுச்சர் என்று பாதி வேலை நாள் அதிலேயே போய்விடும்.

என் குறை வேறு. இந்தக் காகிதம் அத்தனையும் மேலே, பணம் கொடுத்தவர்களிடம் போகிறது. அந்தத் தாளில் கைநாட்டு வைத்த பெண்ணுக்கு, தன் பேரைச் சொல்லி எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது என்று யாரும் சொல்வதில்லை. அறிக்கை அவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில்கூட இருக்காது. இதற்கு அரசைக் குறை சொல்ல முடியாது. இது முழுக்க நம் தப்பு.

2010-இல் இஸ்தான்புல்லில் தொண்டு நிறுவனங்கள் போன்ற குடிமைச் சமூக அமைப்புகளே கூடி, தாங்கள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று எட்டுக் கொள்கைகளை வகுத்தன. வெளிப்படைத்தன்மையும் பொறுப்புக்கூறலும் அவற்றில் ஒன்று. அடுத்த ஆண்டு தென் கொரியாவின் பூசானில் வளர்ச்சி உதவி பற்றி நடந்த மாநாட்டில் அரசுகளும் ஏற்றுக்கொண்ட ஆவணத்தின் 22-ஆம் பத்தியில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வருகின்றன: அமைப்புகள் பொறுப்புக்கூறலை வலுப்படுத்த வேண்டும்; அவை சுதந்திரமாக இயங்கும் சூழலுக்கு அரசுகள் வழி செய்ய வேண்டும். பொறுப்புக்கூறல் என்ற பாதி மட்டும் பல அரசுகளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சாக்குக்கும் பஞ்சமில்லை. பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைத் தடுக்க எஃப்ஏடிஎஃப் (கறுப்புப் பணப் புழக்கத்தையும் பயங்கரவாத நிதியையும் தடுக்க நாடுகள் சேர்ந்து அமைத்த குழு) கொண்டுவந்த எட்டாவது பரிந்துரையைக் காட்டி, வங்கிக் கணக்கை முடக்குவது, பதிவைப் புதுப்பிக்காமல் இழுத்தடிப்பது எல்லாம் நடக்கிறது. லாப நோக்கற்ற அமைப்புகள் எல்லாமே ஆபத்தானவை அல்ல, ஆபத்து இருக்கும் இடத்தில் அதற்கேற்ற அளவில் நடவடிக்கை எடுங்கள் என்று 2016-லேயே அந்தப் பரிந்துரையைத் திருத்திவிட்டார்கள். அதை யார் படிக்கிறார்கள்?

பணம் கொடுப்பவர்களும் சளைத்தவர்கள் இல்லை. மனிதாபிமான உதவியில் 25 சதவீதத்தை 2020-க்குள் உள்ளூர் அமைப்புகளுக்கு முடிந்தவரை நேரடியாகத் தருவோம் என்று 2016-இல் நன்கொடை நாடுகளும் உதவி அமைப்புகளும் செய்துகொண்ட 'கிராண்ட் பார்கெய்ன்' உடன்பாட்டில் சொன்னார்கள். கெடு முடிந்தது, இலக்கு எட்டவில்லை.

சரி, என்னதான் செய்வது? வேலை நடக்கும் இடத்திலேயே, அங்குள்ளவர்கள் பேசும் மொழியில் வரவு செலவை எழுதி ஒட்டலாம். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கூட்டம் போட்டு வாசித்துக் காட்டலாம், அவர்கள் கேட்கும் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லலாம். இதற்கு ஆளும் நேரமும் வேண்டும். அந்தச் செலவைப் பட்ஜெட்டில் போட்டால், பணம் கொடுப்பவர்கள் "இது நிர்வாகச் செலவு, உச்சவரம்பைத் தாண்டுகிறது" என்று சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். முதலில் மாற வேண்டியது அந்த விதி.