எப்படி அடிபட்டது என்று கேட்டால் குத்தமா?

அடிபட்டுப் பல் விழுந்த தன் பையனைக் கூட்டிப்போனால் பல் டாக்டர் போலீஸ் மாதிரி கேள்வி கேட்டார் என்று ஒரு அப்பா முகநூலில் எழுதிய பதிவை, மூன்று நாளாக ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். ஸ்க்ரீன்ஷாட்டும் பார்த்தாயிற்று, கீழே இருந்த கமெண்டுகளையும் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து படித்தாயிற்று. படித்திருக்கக் கூடாது. இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என்னோடு கல்லூரியில் படித்த ஒருவர், அவரும் பல் டாக்டர்தான், அங்கே போய் "பல் டாக்டர் பல்லை மட்டும் பார்த்தால் போதும்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு வரிசையாக இதயங்கள் வேறு. அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

அந்த டாக்டர் கேட்டது நாலே கேள்வி. அந்த அப்பாவே தன் பதிவில் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார். எப்போது அடிபட்டது? எங்கே? எப்படி? ஏன் நேற்றே வரவில்லை? அப்புறம், "பையனோடு ஒரு அஞ்சு நிமிஷம் தனியாப் பேசறேன்" என்றாராம். இதற்குப் பெயர் போலீஸ் விசாரணையாம். எட்டு வயதுப் பையனுக்கு முன்பல் தெறித்து விழுந்து, மறுநாள் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனால், டாக்டர் வேறு என்ன கேட்க வேண்டும்? சாப்பிட்டீர்களா என்றா?

அந்த நாலு கேள்வியும்தான் சிகிச்சை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். எப்போது என்று கேட்பது, பல்லின் வேரைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய நாரில் உயிருள்ள செல்கள் இன்னும் இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள. வெளியே உலர்ந்து கிடந்தால் 60 நிமிஷத்துக்குள் அவை கிட்டத்தட்ட எல்லாமே செத்துப்போகும். அதற்கு முன் வந்தால் ஒரு வைத்தியம், பின்னால் வந்தால் வேறு கணக்கு. எங்கே என்று கேட்பது, மண்ணிலோ சாக்கடையிலோ விழுந்ததா, டெட்டனஸ் ஊசி பாக்கி இருக்கிறதா என்று பார்க்க. எப்படி என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். முகவாய் தரையில் மோதி விழுந்த பிள்ளைக்கு, காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு உடைந்திருக்கலாம்; கடைவாய்ப் பல் பிளந்திருக்கலாம். முன்பல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது. மயங்கினானா, வாந்தி எடுத்தானா என்று கேட்காவிட்டால், தலையில் பட்ட அடியை விட்டுவிட்டுப் பல்லைக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். "பல்லை மட்டும் பார்" என்பவருக்கு இதெல்லாம் தெரியும். என்னோடு அதே பரீட்சை எழுதித்தான் பாஸ் பண்ணினார்.

இன்னொன்று. அந்தப் பதிவிலேயே ஒரு படம் இருக்கிறது, கவனித்தீர்களா? டிஷ்யூ பேப்பரில் சுருட்டிய பல். மறுநாள் வரைக்கும் அப்படியே பேப்பரில் இருந்திருக்கிறது. அதன் கீழே அத்தனை பேர் அத்தனை ஆவேசமாக எழுதியிருக்கிறார்கள். "ஐயோ, பாலில் போட்டிருக்கலாமே" என்று ஒருத்தர் எழுதவில்லை. சரி, நான் எழுதுகிறேன், இதையாவது ஷேர் பண்ணுங்கள். நிரந்தரப் பல் முழுசாக விழுந்தால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ சலைனிலோ லேசாக அலசுங்கள், தேய்க்காதீர்கள். பிள்ளை சுயநினைவோடு இருந்தால் அதே குழியில் அப்போதே வைத்து, ஒரு துணியைக் கடிக்கச் சொல்லிவிட்டு ஓடி வாருங்கள். வைக்கப் பயமாக இருந்தால் பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், பேப்பரில் சுருட்டவே வேண்டாம். ஆனால் பால்பல் விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது. உள்ளே வளரும் பல் கெட்டுப்போகலாம். சர்வதேசப் பல் காய மருத்துவச் சங்கம் 2020-இல் புதுப்பித்த வழிகாட்டியிலும் இதுதான் இருக்கிறது. நானாகச் சொல்லவில்லை.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

"நல்ல பெற்றோரை ஏன் சந்தேகப்படுகிறீர்கள்?" இதுதான் அதிகம் வந்த கேள்வி. பிள்ளையை அடித்தீர்கள் என்று சந்தேகப்படவில்லை, கேட்கிறோம். எல்லாரிடமும் கேட்கிறோம். என் நாற்காலியில் உட்காரும் அடிபட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் நிஜமாகவே விழுந்தவர்கள்தான். ஓடியாடப் பழகும் இரண்டு மூன்று வயதில் விழாத பிள்ளை உண்டா? முன்பல் தூக்கலாக இருந்தால் இன்னும் சுலபமாக அடிபடும். ஆனால் விழுகிற பிள்ளைக்கு நெற்றி, மூக்கு, முகவாய், முழங்கால் என்று எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அடிபடும். காதில் எப்படிப் படும்? கழுத்தில் எப்படிப் படும்? இன்னும் தவழக்கூடத் தெரியாத பச்சைக் குழந்தைக்கு மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் சவ்வு கிழிந்திருந்தால், அது தானாக எங்கே போய் விழுந்தது? நடக்கிற பிள்ளைக்கு அதே சவ்வு விழுந்தும் கிழியலாம். அதனால்தான் கேட்டாக வேண்டியிருக்கிறது. அடிவாங்கிய குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தலை, முகம், கழுத்து, வாய் இவற்றில்தான் காயம் இருக்கும் என்று நாங்கள் படித்த புத்தகத்திலேயே உண்டு. அதாவது எங்கள் நாற்காலிக்கு நேர் எதிரே. நாங்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

எனக்குக் கோபம் புரியாமல் இல்லை. என் மகளுக்கு ஆறு வயதில் சைக்கிளில் இருந்து விழுந்து முகவாய் கிழிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே டியூட்டியில் இருந்த டாக்டர், மீசைகூடச் சரியாக முளைக்காத பையன், தையல் போட்ட பிறகு "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றார். எனக்கு முகம் சுட்டது. "நானும் டாக்டர்தான்" என்றேன். "சரிங்க டாக்டர், வெளியே உக்காருங்க" என்றார். இரண்டு நிமிஷம். வெளியே வந்தவள், "வீட்ல யாரெல்லாம் இருக்காங்கன்னு கேட்டாரும்மா. நீ ரொம்பத் திட்டுவேன்னு சொல்லிட்டேன்" என்றாள். அன்று ராத்திரி முழுக்க அந்தப் பையன் மேல் எரிச்சலாக இருந்தேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எரிச்சலை முகநூலில் எழுதி அவர் பெயரையும் கிளினிக்கையும் போட்டு ஊரைக் கூட்டவில்லை.

தனியாகக் கேட்பது அப்பா அம்மாவுக்கு எதிரானது என்று யார் சொன்னது? இரண்டு மாதத்துக்குள் இரண்டு தடவை முன்பல் உடைந்து வந்த பத்து வயதுப் பையன் ஒருவன். அம்மாதான் அழுதுகொண்டே கூட்டி வந்தார். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு "என்ன நடந்துச்சுன்னு சொல்றியா?" என்றேன். பள்ளியில் பெரிய பையன்கள் சிலர் குழாயில் தண்ணீர் குடிக்கும்போது பின்மண்டையைத் தள்ளுகிறார்கள் என்றான். அம்மாவிடம் சொன்னால் அம்மா பள்ளிக்கு வந்து சண்டை போடுவார், அப்புறம் இன்னும் அடிப்பார்கள் என்று பயம். அந்த அம்மா அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இதை யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்க மாட்டீர்கள்.

"சின்னப் பிள்ளை எதையாவது கற்பனையாகச் சொல்லும்." அதற்குத்தான் "அப்பா அடிச்சாரா?" என்று வாயில் வார்த்தையைத் திணிக்கக் கூடாது என்று சொல்லித் தருகிறார்கள். என்ன நடந்தது என்று மட்டும் கேட்க வேண்டும். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, காயத்தை அளந்து, படம் எடுத்துவைக்க வேண்டும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணக் கூடாது. நெருடினால் குழந்தை மருத்துவரிடமும் குழந்தைப் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்களிடமும் சொல்ல வேண்டும். தீர்ப்பு சொல்வது எங்கள் வேலை கிடையாது. நியாயமான சந்தேகம் வந்தாலே தெரிவித்தாக வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது.

"ஒரு அடி அடித்தால் குற்றமா, எங்களை அடித்து வளர்க்கவில்லையா?" என்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. நன்றாக வளர்ந்திருக்கிறீர்கள், கமெண்டைப் பார்த்தாலே தெரிகிறது.

அந்த டாக்டர் கேட்ட விதம் சரியில்லை, மற்ற நோயாளிகள் உட்கார்ந்திருக்கும்போது கேட்டார் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அது நிஜமென்றால் தப்புதான். உள்ளே கூட்டிப்போய்க் கேட்டிருக்கலாம், "எல்லாரிடமும் கேட்பதுதான்" என்று ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்காக "கேட்டதே தப்பு" என்று ஆகிவிடுமா?

நான் இவ்வளவு கத்துவதற்குக் காரணம் வேறு. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். மூன்று வயதுப் பையன், மேலுதட்டுச் சவ்வு கிழிந்து வந்தான். கட்டிலில் இருந்து விழுந்தான் என்றார் அம்மா. வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி, படிக்கட்டில் என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறார். காதுக்குப் பின்னால் இரண்டு சின்ன நீலத் தடம். பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன். முகம் தெரியாத ஆள் வாயைத் திறக்கச் சொன்னால் அலறாத மூன்று வயதுப் பிள்ளை எங்காவது உண்டா? அவன் அழவே இல்லை. "எவ்வளவு சமத்து" என்று சொல்லி ஒரு ஸ்டிக்கர் கொடுத்தேன். அம்மா நாகரிகமாகப் பேசினார், படித்தவர் மாதிரி இருந்தார், வெளியே கூட்டம் இருந்தது. கேட்கவில்லை. "கீழே விழுந்ததாகச் சொல்கிறார்கள்" என்று அட்டையில் எழுதி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன். அடுத்த வாரம் அட்டையில் "வரவில்லை" என்று எழுதினேன். மூன்று வயதுப் பிள்ளை தானாக எப்படி வரும்? "கூட்டி வரப்படவில்லை" என்றுதான் எழுத வேண்டும் என்பது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது.

1962-இல் ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவர், அடிவாங்கும் குழந்தைகளைப் பற்றி முதன்முதலில் உலகம் திரும்பிப் பார்க்கும்படி எழுதியபோதே இதையும் எழுதிவைத்துவிட்டார்: பெற்றோரே இப்படிச் செய்வார்கள் என்று நம்ப டாக்டர்களுக்கு மனசு வராது, அவர்களிடம் கேட்கவும் வாய் வராது என்று. அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அந்த டாக்டருக்கு வந்தது. அவரைத்தான் மூன்று நாளாகக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். நாளைக்கு அவர் கேட்பாரா? அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஜூனியர்கள் கேட்பார்களா? என் வகுப்புத் தோழரே, உங்களைத்தான் கேட்கிறேன். இதயம் போட்டவர்கள் உங்களிடம் பிள்ளையைக் கூட்டி வருவார்கள். காதுக்குப் பின்னால் பார்ப்பீர்களா, மாட்டீர்களா?

அந்த அப்பா ஏதோ செய்துவிட்டார் என்று நான் சொல்லவே இல்லை. இந்த வரியையும் சேர்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அவர் பையன் விழுந்துதான் இருப்பான். ஒரு நாள் முழுக்க உலர்ந்த பல்லைத் திரும்ப வைத்தாலும் அது எலும்போடு ஒட்டிக்கொள்ளும். பையன் வளர வளர மற்றப் பற்கள் இறங்கி வரும், அது மட்டும் மேலேயே நின்றுவிடும். வைத்தார்களா, குழியை அப்படியே விட்டார்களா, வேறு ஏதாவது யோசித்திருக்கிறார்களா என்று அவ்வளவு நீளப் பதிவில் ஒரு வரிகூட இல்லை. கமெண்டில் யாரும் கேட்கவும் இல்லை. அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், பையனுக்குப் பல் எப்படி இருக்கிறது என்று இன்பாக்ஸில் சொல்லுங்கள்.