எடுத்துட்டுப் போனவங்க தான் காப்பாத்துனாங்களா?

எகிப்துச் சுவடிகள் பத்தி எங்க பேச்சு வந்தாலும் யாராவது ஒருத்தர் "வெள்ளைக்காரன் எடுத்துட்டுப் போகலன்னா இதெல்லாம் எப்பவோ அழிஞ்சிருக்கும்"னு ஒரு கமெண்ட் போட்டுட்டுப் போயிடுறாங்க. எனக்கு இதுல கொஞ்சமும் உடன்பாடில்ல. எகிப்துல இருக்கிற டெய்ர் அல்-சுரியான்ங்கிற கிறிஸ்தவ மடத்தோட கதையப் படிச்சா உங்களுக்கும் அப்படித் தான் தோணும்.

கெய்ரோவுக்கும் அலெக்ஸாண்ட்ரியாவுக்கும் நடுவுல பாலைவனத்துல வாடி நத்ரூன்னு ஒரு பள்ளத்தாக்கு. அங்க இன்னைக்கும் துறவிகள் இருக்கிற பழைய காப்டிக் (எகிப்துக் கிறிஸ்தவர்களோட) மடம் நாலு, அதுல ஒண்ணு இது. சிரியாக்ங்கிற பழைய மொழியில வழிபடுற கிறிஸ்தவத் துறவிகளும் காப்டிக் துறவிகளும் பல நூற்றாண்டு சேர்ந்தே வாழ்ந்த இடம், அதான் சிரியர் மடம்னு பேரு. 10ஆம் நூற்றாண்டுல மடத்தலைவரா இருந்தவர் நிசிபிஸ் ஊர்க்காரர் மோசே. துறவிகள் மேல போட்ட தலைவரிய ரத்து பண்ணச் சொல்லி 927ல பாக்தாத் கலீஃபாகிட்ட முறையிடப் போனவர், வரியும் ரத்தாகி 932ல திரும்பி வரும்போது 250 சிரியாக் சுவடியோட வந்தாரு. அந்தக் காலத்துல பாக்தாத்ல இருந்து எகிப்து வரைக்கும் அத்தனை தோல் சுவடிய எப்படிப் பத்திரமா கொண்டு வந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. இத மடத்த விட்டு யாரும் வெளிய எடுக்கக் கூடாது, எடுத்தா சாபம்னு சுவடிகள்லயே எழுதியும் வச்சிருக்காங்க.

எடுத்தாங்க. 18ஆம் நூற்றாண்டுல வத்திக்கானுக்கு, 19ல லண்டனுக்கு. 1837ல ராபர்ட் கர்சன்னு ஒரு இங்கிலீஷ்காரர், கண் தெரியாத வயசான மடத்தலைவருக்கு இனிப்பு மது ஊத்திக் குடுத்துத் தான் எண்ணெய் நிலவறைக்குள்ள போய்ச் சுவடிகளப் பார்த்தேன்னு அவரே புத்தகத்துல எழுதியிருக்காரு. ஜாடிக்கு மூடியா சுவடியப் போட்டு வச்சிருந்தாங்கன்னும் அவர் எழுதுறாரு, எல்லாரும் மேற்கோள் காட்டுறது இத மட்டும் தான். சரிங்க, அது நடந்திருக்கும். அப்ப மடத்துல விரல் விட்டு எண்ற அளவுக்குத் தான் துறவிகள், சிரியாக் படிக்கத் தெரிஞ்ச ஆளே இல்ல, அவ்வளவு வறுமை. ஆனா மோசே காலத்துல இருந்து கர்சன் வர வரைக்கும் 900 வருஷம் அத வச்சிருந்தது யாரு? அந்தத் துறவிகளும் பாலைவனத்தோட வறண்ட காத்தும் தானே!

இன்னொண்ணு. தேதி போட்ட சிரியாக் சுவடிகள்லயே பழசு கி.பி. 411ல எதெஸ்ஸாவுல (இன்னைய துருக்கி) எழுதுனது, இந்த மடத்துல இருந்து போய் இப்ப பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு. அதோட கடைசிப் பக்கத்துத் துண்டுகள் எங்க கிடைச்சுது தெரியுமா? இதே மடத்துல, பழைய கோபுரத்துல இடிஞ்சு விழுந்த தளத்துக்கு அடியில. நம்பிக்கைக்காக உயிர் விட்டவங்களோட பேர்ப் பட்டியல் இருக்கிற பக்கம் அது. அந்த ஒரு சுவடியாவது முழுசா மடத்துக்குத் திரும்பணும்னு நான் அழுத்தமாச் சொல்லுவேன்.

ஏன்னா அந்த மடம் வெறும் மியூசியம் இல்ல. விடியறதுக்கு முன்னாடியே மணி அடிச்சு துறவிகள் சர்ச்ல கூடி காப்டிக்லயும் அரபிலயும் துதிப்பாட்டு பாடுறாங்க. செருப்பக் கழட்டிட்டுத் தான் உள்ள போகணும், நம்மூர்க்காரங்களுக்கு இது புதுசா தெரியாது. கர்ப்பகிரகம் மாதிரி இருக்கிற பலிபீடத்துக்கு முன்னால மோசே காலத்துல செஞ்ச கதவு, கருமரத்துல தந்தம் இழைச்சது, மேல் வரிசையில கிறிஸ்துவும் மாதாவும் புனிதர்களும், கீழ வரிசை வரிசையா பலவிதச் சிலுவைக் கோலம், ஆயிரம் வருஷம் தாண்டியும் அங்கயே நிக்குது. பிஷோய்ங்கிற துறவி ஜெபத்துல தூங்கிடக் கூடாதுன்னு தலைமுடிய மேல கட்டிக்கிட்ட குகைன்னு சர்ச்சுக்குள்ளயே ஒரு சின்ன அறை. வெளிய ஒரு புளியமரம், புனித எஃப்ரேம் ஊனின கைத்தடி தளிர்த்து மரமாச்சுன்னு நம்பிக்கை. 1988ல தீப்பிடிச்சப்ப சேதமான ஓவியத்துக்கு அடியில அதவிடப் பழைய மங்கள வார்த்தை ஓவியம் (தேவதூதர் மாதாவுக்குச் சேதி சொல்ற காட்சி) தெரிய வந்துச்சு.

1954ல இந்த மடத்துல துறவியாகி லைப்ரரியப் பார்த்துக்கிட்டு, குகையில தனியா பல வருஷம் தவம் இருந்தவர் தான் 1971ல காப்டிக் சர்ச்சோட தலைவர், போப் மூணாம் ஷெனூடா ஆனாரு. மிச்சம் இருக்கிற சுவடிகளுக்கு இப்ப புது லைப்ரரியும் மடத்துலயே கட்டிட்டாங்க. "அவங்களுக்கு வச்சுக்கத் தெரியாது"ன்னு இனியும் எப்படிச் சொல்றது?

எகிப்து போறவங்க பிரமிடோட திரும்பிடாதீங்க, இங்கயும் ஒரு நாள் ஒதுக்குங்க. நோன்பு நாட்கள்ல வெளியாட்கள விடாம மூடி வச்சிருப்பாங்க, கேட்டுட்டுப் போங்க.