ஊர்பேர் இல்லாத பழமொழிகள்
அயர்லாந்தின் புனித பேட்ரிக் திருநாளான மார்ச் 17 வந்தால் போதும், பச்சைப் பின்னணியில் ‘ஐரிஷ் பழமொழி’ என்று படங்கள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. எந்த ஊர், யார் சொன்னது? ஒரு வரி கிடையாது. எரிச்சலாக வருகிறது.

1937 முதல் 1939 வரை அயர்லாந்தில் சுமார் 50,000 பள்ளிப் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடமும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடமும் பழமொழிகளையும் ஊர் வழக்குகளையும் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார்கள். கொல்லன் பட்டறை, சந்தை, மழைக்குறி, கைவைத்தியம், ஊர்ப் பலசாலியின் கதை, எல்லாம் அந்தப் பள்ளித் தொகுப்பில் (Schools' Collection) உண்டு. சொன்னவரின் பெயர், வயது, ஊர்கூடப் பல பக்கங்களில் இருக்கிறது. 12 வயதுப் பிள்ளைகள் காட்டிய மரியாதை அது! இப்போது அத்தனையும் இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. பகிர்வதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்த்து, சொன்னவர் ஊரையாவது சேர்த்துப் போடக் கூடாதா?