டிரிம் கட்டளையை யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?

புது வெர்ஷன் ஏற்றிய அன்று எந்த டிராயிங் ஆபீஸிலும் உருப்படியாக வேலை நடக்காது. எல்லாரும் தேடிக்கொண்டிருப்பார்கள். நேற்றுவரை கை தானாகப் போய் எடுத்த கருவி இன்று எந்த டேபுக்குள் போனது என்று ரிப்பனை, அதாவது திரையின் மேலே உள்ள பட்டன் பட்டையை, ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவார்கள். மாலைக்குள் அனுப்ப வேண்டிய ஷீட் பாதியில் நிற்கும். எங்கள் ஆபீஸில் இப்போது அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. நாங்கள் ஏற்றிய மென்பொருளின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த விஷயத்தில் கேட் (CAD) கம்பெனிகள், அதாவது கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் மென்பொருள் செய்பவர்கள், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

பட்டன் இடம் மாறினால் என்ன, இரண்டு நாளில் பழகிவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வார்கள். பழக்கம் என்றால் என்னவென்று தெரியாமல் சொல்கிறார்கள். டிராஃப்ட்ஸ்மேன் ஐகானைப் பார்த்துப் பார்த்து வேலை செய்பவர் இல்லை. கண் கோட்டின் மேல் இருக்கும், வலது கை மவுஸில், இடது கை கீபோர்டில். எல் தட்டினால் கோடு, ஓ தட்டினால் ஆஃப்செட் (இணையாக இன்னொரு கோடு), எம்ஐ தட்டினால் மிரர் (கண்ணாடிப் பிம்பம்). இந்த முறை நேற்று வந்ததில்லை. 1963இல் ஐவன் சதர்லாண்ட் எம்ஐடியில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற முன்னோடி வரைபட மென்பொருளிலேயே திரையில் வரைய லைட் பென்னும், கட்டளை கொடுக்கத் தனியாகப் பொத்தான்களும் இருந்தன. கட்டளையைக் கை பார்த்துக்கொள்வதால்தான் மூளை டிசைனைப் பார்க்கிறது. இந்தச் சுவர் பீமுக்கு நேராக வருகிறதா, இந்தத் துளை போல்ட்டுக்குச் சரியா, இந்தக் குழாய் அந்த டக்டில் இடிக்கிறதா என்று யோசிக்க முடிகிறது. அந்தக் கைப்பழக்கம் வருடக்கணக்காகச் சேர்ந்தது. அதை வைத்துத்தான் நாங்கள் சம்பாதிக்கிறோம். அதைக் கேட்காமல் கலைப்பது அடிமடியில் கை வைப்பது.

ஆட்டோகேட் என்ற கேட் மென்பொருளின் 2021 வெர்ஷனில், கோட்டின் வேண்டாத துண்டை வெட்டி எடுக்கும் டிரிம் கட்டளைக்கு நடந்ததைப் பாருங்கள். அதுவரை டிஆர் தட்டி எண்டர், உடனே இன்னொரு எண்டர். முதல் எண்டரில் கட்டளை தொடங்கும். இரண்டாவது எண்டர், டிராயிங்கில் உள்ள எல்லாவற்றையும் வெட்டும் விளிம்பாக எடுத்துக்கொள் என்று சொல்லும். பிறகு வேண்டாத துண்டுகளைக் கிளிக் செய்துகொண்டே போகலாம். கேட் படித்த அத்தனை பேரின் விரலிலும் ஊறிய தாளம் அது. 2021இல் குவிக் மோட் என்று ஒன்றைக் கொண்டுவந்து, யாரையும் கேட்காமல் அதையே டீஃபால்ட், அதாவது நாம் மாற்றாதவரை நடக்கும் முறை, ஆக்கினார்கள். அதில் எல்லாமே தொடக்கத்திலேயே வெட்டும் விளிம்புகள், இரண்டாவது எண்டர் வேண்டாம். புதிதாகக் கற்பவருக்கு நல்ல வசதிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழகிய விரல் அந்த இரண்டாவது எண்டரைத் தட்டாமல் இருக்குமா? தட்டியதும் கட்டளையே முடிந்துவிடுகிறது. அடுத்த கிளிக்கில் கோடு வெட்டுப்படாமல் நீல கிரிப்புகளோடு (பிடித்து இழுக்கும் சிறு கட்டங்கள்) செலக்ட் ஆகி நிற்கிறது. எஸ்கேப் தட்டி, மறுபடி டிஆர் தட்டினால், விரல் மறுபடியும் அந்த இரண்டாவது எண்டரைத் தட்டிவிடுகிறது.

இதாவது எரிச்சலோடு போய்விடும். அடுத்தது ஆபத்து. பழைய முறையில், எந்த விளிம்பையும் வெட்டாமல் தனியாகக் கிடக்கும் கோட்டை டிரிம்மில் தொட்டால், அது எந்த விளிம்பிலும் படவில்லை என்று கமாண்ட் லைனில் செய்தி வரும். கோட்டுக்கு ஒன்றும் ஆகாது. குவிக் மோடில் வெட்ட முடியாத கோட்டைத் தொட்டால் அது அழிக்கப்படும். டிரிம் செய்யப் போனவர் கையில் இரேஸ் கட்டளையைத் திணித்திருக்கிறார்கள். நெருக்கமான டிராயிங்கில் தள்ளி ஜூம் செய்து வேலை பார்க்கும்போது ஒரு சென்டர் லைன் காணாமல் போனால் எப்படித் தெரியும்? பிளாட் (பேப்பரில் அச்சு) எடுத்து, கையெழுத்தாகி, வேலை நடக்கும் இடத்துக்குப் போன பிறகு தெரியும். அங்கே திட்டு வாங்குவது மெனுவை மாற்றியவர் இல்லை, டிராயிங் போட்டவர்.

டிரிம்எக்ஸ்டெண்ட்மோட் என்ற வேரியபிளை (மென்பொருள் நடப்பதை மாற்றும் உள் அமைப்பு) சுழியம் ஆக்கினால் பழைய டிரிம் அப்படியே திரும்பிவிடும். அவ்வளவுதான் வேலை. என் ரத்தம் கொதிக்கும் இடமே இதுதான். பழையதை அவர்கள் அழிக்கவில்லை, உள்ளேயே வைத்துக்கொண்டு ஒளிக்கிறார்கள். 2012 வெர்ஷனில், ஒன்றையே வரிசை வரிசையாகப் பிரதி எடுக்கும் அரே கட்டளையின் டயலாக் பாக்ஸை எடுத்தார்கள். வரிசை எத்தனை, இடைவெளி எவ்வளவு என்று எண்களை நிரப்பி ஓகே கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். பிறகு அரேகிளாசிக் என்ற பெயரில் அதே டயலாக் வந்தது. 2020இல், சேமித்து வைத்த படத்துண்டான பிளாக்கை டிராயிங்கில் வைக்க இன்செர்ட் தட்டினால் சின்ன டயலாக் வருவதற்குப் பதிலாகத் திரையின் ஓரத்தை அடைத்துக்கொண்டு பிளாக்ஸ் பேலட் வந்தது. பழையது வேண்டுமென்றால் கிளாசிக்இன்செர்ட் என்று தட்ட வேண்டும். ஒரு பரப்பைக் கோடுகளால் நிரப்பும் ஹேட்ச் கட்டளையின் டயலாக்கைத் திரும்பக் கொண்டுவர எச்பிடிஎல்ஜிமோட் என்று ஒரு வேரியபிள். மேலே மெனு வரிசை வேண்டுமா, மெனுபார் என்று தட்டி ஒன்று கொடுக்க வேண்டும். இந்தப் பெயர்களை ஏற்கெனவே தெரிந்திருந்தால் மட்டுமே தட்ட முடியும். தெரியாதவர், பழையது போய்விட்டது என்றே நம்பி, புதியதோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடக்கிறார். வசதி இருந்தும் இல்லை என்று நம்ப வைப்பது எந்த ஊர் நியாயம்?

ரிப்பன் வந்தது ஆட்டோகேட் 2009 வெர்ஷனில். திரைகள் அகலமாகிக்கொண்டிருந்த காலம் அது. அகலம் தாராளம், உயரம்தான் தட்டுப்பாடு. அந்த உயரத்திலிருந்தே ஒரு பட்டையை வெட்டி எடுத்து ரிப்பனுக்குக் கொடுத்தார்கள். பழைய டூல்பாரை இடது ஓரத்திலோ வலது ஓரத்திலோ நிறுத்தி வைத்துக்கொள்ளலாம், டிராயிங்குக்கு முழு உயரமும் கிடைக்கும். டூல்பாரில் இன்னொரு குணமும் இருந்தது, வைத்த இடத்தை விட்டு அது நகராது. ரிப்பன் அப்படியா? ஒரு ஹேட்ச்சைத் தொட்டால் அதற்கென்று ஒரு டேப் முளைத்து முன்னால் வந்து நிற்கும். கர்சரைக் கொண்டுபோன இடத்தில் இருந்த கருவி மறைந்துவிடும். சரி, வேண்டாதவர்கள் பழைய மெனுவும் டூல்பாரும் உள்ள கிளாசிக் ஒர்க்ஸ்பேஸில் இருந்துகொள்ளலாம் என்று சில வருடங்கள் விட்டு வைத்திருந்தார்கள். 2015 வெர்ஷனில் அதையும் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள். மக்கள் டூல்பார்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அடுக்கி, தாங்களே ஒரு கிளாசிக் செய்து சேமித்துக்கொண்டார்கள். அதே 2015இல்தான் லாசோவும் வந்தது. மவுஸ் பட்டனை அழுத்திக்கொண்டே கொஞ்சம் இழுத்துவிட்டால் செவ்வகத்துக்குப் பதிலாகக் கோணல்மாணலாக ஒரு வளையம் விழும். அதை நிறுத்த பிக்ஆட்டோ என்று இன்னொரு வேரியபிள்.

நிறத்தில் கை வைத்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்கிரீனில் தெரியும் நிறம் எங்களுக்கு அலங்காரம் இல்லை. எந்த நிறம் எப்படி அச்சாக வேண்டும் என்று சொல்லும் சிடிபி கோப்பை வைத்துப் பிளாட் செய்யும் ஆபீஸில் ஒவ்வொரு நிறமும் ஒரு கோட்டின் தடிமன். சிவப்பு இத்தனை, மஞ்சள் இத்தனை என்று ஆபீஸே பழகியிருக்கும். கறுப்புப் பின்னணியை வைத்துத் தேர்ந்தெடுத்த நிறங்கள் அவை. பின்னணியைக் கரும்சாம்பலாக்கினால், மெல்லிய கோடுகளுக்கு வைத்திருந்த 250, 251 போன்ற எண்ணுள்ள அடர்சாம்பல்கள் அதில் கரைந்துபோகின்றன. வெளுப்பாக்கினால் மஞ்சள் கண்ணுக்கே தெரியாது. சாலிட்வொர்க்ஸ் என்ற இன்னொரு கேட் மென்பொருளின் 2016 வெர்ஷனில் ஐகான்களின் பழைய நிறங்களை எடுத்துவிட்டு நீலமும் சாம்பலுமாக மாற்றினார்கள். அதிகத் துல்லியத் திரைகளுக்காக ஐகான்களைப் புதிதாக வரைய வேண்டியிருந்தது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நிறத்தைப் பார்த்தே கருவியை அடையாளம் கண்டுகொண்டிருந்தவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு பழைய நிறங்களை கிளாசிக் என்ற தேர்வாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கத்திய பிறகு கொடுக்க முடிந்ததை முதலிலேயே கொடுத்திருக்க முடியாதா?

பிடிக்காவிட்டால் பழைய வெர்ஷனிலேயே இரேன் என்பார்கள். இருக்க விடுகிறார்களா? 2016இல் ஆட்டோகேட் கம்பெனியான ஆட்டோடெஸ்க் நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்தியது. சந்தா கட்டுபவருக்கு நடப்பு வெர்ஷனும் அதற்கு முந்தைய மூன்றும்தான். அதற்கு அப்பால் போன வெர்ஷன் நமக்குப் பழகியதாக இருந்தாலும் கிடையாது. சாலிட்வொர்க்ஸில் வேறு வகைப் பிடி. புது வெர்ஷனில் சேமித்த ஃபைல் பழைய வெர்ஷனில் திறக்காது. 2024 வெர்ஷனில்தான் இரண்டு வெர்ஷன் பின்னால் வரை சேமிக்க வழி கொடுத்தார்கள். ஒப்பந்ததாரர் ஏறிவிட்டால் நாமும் ஏற வேண்டும், நாம் ஏறினால் நமக்குக் கீழே வேலை செய்பவரும் ஏற வேண்டும். யாரும் விரும்பி ஏறுவதில்லை, ஃபைல் திறக்க வேண்டுமே என்று ஏறுகிறார்கள். அப்படி வலுக்கட்டாயமாக உள்ளே வந்தவரிடம் கட்டளைகளையும் மாற்றி வைத்துக் கொடுப்பது கொடுமை.

ஆபீஸில் இந்த மென்பொருளை நிர்வகிப்பவரின் பாட்டை யாரும் பேசுவதில்லை. சொந்த மெனு, சொந்த ஷார்ட்கட், ஆட்டோகேடுக்குள் ஓடும் லிஸ்ப் மொழி நிரல்கள் என்று ஒவ்வொரு ஆபீஸும் தனக்கென்று ஒன்றைக் கட்டி வைத்திருக்கும். ஆட்டோகேட் மெனு கோப்பின் வடிவமே 2006இல் ஒருமுறையும் 2010இல் இன்னொருமுறையும் மாறியது. வெர்ஷன் மாறும்போதெல்லாம் இவற்றைப் புதியதற்கு மாற்றி (மைக்ரேட் செய்து), எது வந்தது எது வரவில்லை என்று ஒரு மனிதர் உட்கார்ந்து சரிபார்க்கிறார். அந்த வேலைக்கு எந்தக் கணக்கிலும் நேரம் எழுத முடியாது.

புதியவர்கள் எளிதாகக் கற்க வேண்டுமே என்று ஒரு வாதம் எப்போதும் வரும். வரட்டும். புதியவருக்குப் புது அமைப்பைக் கொடுங்கள், அவருக்குக் கலைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அவரும் சில வருடங்களில் பழையவர் ஆகிவிடுவார். அப்போது அவர் கற்றதையும் கலைப்பீர்கள். கமாண்ட் லைனில் பாதி தட்டும்போதே கட்டளையை எடுத்துக் கொடுக்கும் வசதி வந்ததே, அதை யாராவது திட்டினார்களா? அது ஏற்கெனவே தட்டத் தெரிந்தவரைத் தடுக்கவில்லை. புதிதாகச் சேர்ப்பதும் இருப்பதை மாற்றுவதும் ஒன்றில்லை என்பது மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத் தெரியாததா?

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பழைய வெர்ஷனிலிருந்து ஏறுகிறவரின் கம்ப்யூட்டரில் அவருடைய பழைய அமைப்புகள் அப்படியே இருக்கின்றன, புதியதை முதல்முறை திறக்கும்போது மென்பொருளே அவற்றைப் படித்துக் கொண்டுவர முடியும். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், கட்டளைகள் பழையபடி நடக்கட்டுமா, புது முறையில் நடக்கட்டுமா என்று. பழையபடி என்றால் டிரிம், அரே, இன்செர்ட், ஹேட்ச் எல்லாம் நேற்று நடந்தபடி இன்றும் நடக்க வேண்டும். வெர்ஷனோடு வரும் புதிய அம்சங்களின் பட்டியலில் முதல் பக்கத்திலேயே மாறிய டீஃபால்ட் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். அதே வரியில் அதைத் திருப்பும் வேரியபிளின் பெயரையும், போட வேண்டிய எண்ணையும் எழுதுங்கள். கோட்டை அழிக்கும் மாற்றம் ஏதாவது இருந்தால், முதல் முறை அழிப்பதற்கு முன்னால் நிறுத்தி, அழிக்கட்டுமா என்று கேளுங்கள்.