ஒரே துளையை நம்பி முடிவு கட்டாதீர்கள்

கப்பலில் பார்த்த கடல்பனி (உறைந்த கடல்நீர்) அளவோடு ஒத்துப்போகவில்லை, எனவே செயற்கைக்கோள் கணக்கு தப்பு என்கிறது ஒரு கட்டுரை. அவசர முடிவு. செயற்கைக்கோள் தரும் நுண்ணலை (மைக்ரோவேவ்) தரவில் ஒரு கட்டத்தின் பக்கம் 25 கி.மீ.; சென்னைக் காசிமேட்டில் தொடங்கினால் மீஞ்சூரையும் தாண்டும். கப்பல் தளத்திலிருந்து கண்ணால் மதிப்பிடுவதோ சுற்றிலும் 1 கி.மீ. அதுவும் கப்பல் பனி குறைந்த வழி தேடியே போகும். கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீரைச் செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவி திறந்த கடலாகவே படிக்கும், இது உண்மையான குறை.

பனியின் தடிமன்தான் பெரிய சிக்கல். மீன் தொட்டியில் மிதக்கும் ஐஸ் கட்டியைப் பாருங்கள்: பத்தில் ஒரு பங்குகூட மேலே தெரியாது. பனியை அளக்கும் ஐரோப்பியச் செயற்கைக்கோளான கிரையோசாட்-2 அளப்பது அந்த மேற்பகுதியை. அதில் 1 செ.மீ. பிசகினால் தடிமனில் சுமார் 10 செ.மீ. பிசகும். மேலே கிடக்கும் வெண்பனியின் ஆழம் தெரியாவிட்டால் இன்னும் மோசம். அதனால் களத்தில் பனியில் துளையிட்டு அளவு நாடா இறக்கும்போது, வெண்பனி ஆழம், நீர்மட்டத்துக்கு மேலுள்ள உயரம், மொத்தத் தடிமன் மூன்றையும் ஒரே கோட்டில் பல இடங்களில் எடுக்க வேண்டும்.