ஓட்டில்லாதவர்கள் பக்கம் பிளேஸ் தியான்யே நின்றாரா?

மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலின் தலைநகர் டக்காருக்கு விமானத்தில் போகிறவர்கள் இறங்குவது பிளேஸ் தியான்யே விமான நிலையத்தில். பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் என்று அவரைப் பற்றி ஒரு வரி சொல்வார்கள். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை.

1872இல், பிரான்சின் குடியேற்ற நாடாக இருந்த செனகலின் கோரே தீவில் பிறந்தவர். அப்பா சமையல்காரர். வசதியான ஒரு கலப்பினக் குடும்பம் அவரை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தது. சுங்க இலாகாவில் சேர்ந்து டஹோமி, காங்கோ, ரீயூனியன், மடகாஸ்கர், கயானா என்று ஊர் ஊராகப் பந்தாடப்பட்டார். மேலதிகாரிகளுக்கு வளைந்துகொடுக்கிற ஆள் இல்லை. 1914 மே மாதம், அதுவரை வெள்ளையர்களும் கலப்பினத்தவரும் மட்டுமே வென்ற செனகல் தொகுதியில் ஜெயித்தார்.

ஓட்டுரிமை இருந்தது டக்கார், கோரே, ருஃபிஸ்க், செயின்ட் லூயி ஆகிய நான்கு ஊர்க்காரர்களுக்கு மட்டும். அவர்கள் ஓட்டுப் போடலாம். ஆனால் குடிமக்களா இல்லையா என்று அதிகாரிகள் இழுத்தடித்துக்கொண்டே இருந்தார்கள். முதல் உலகப் போர் வந்ததும் தியான்யே பேரத்தைத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளை ராணுவத்தில் எடுங்கள், ஆனால் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சமமாக எடுங்கள் என்றார். 1915இல் அதற்குச் சட்டம் வந்தது. 1916 செப்டம்பர் 29இல் இன்னொரு சட்டம், நான்கு ஊர்க்காரர்களும் அவர்கள் சந்ததியினரும் பிரெஞ்சுக் குடிமக்களே என்று உறுதி செய்தது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும். அங்கே 1881 ஆணைப்படி பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வர வேண்டுமென்றால் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து ரெனோன்சான் (துறந்தவர்) ஆக வேண்டியிருந்தது. தியான்யேவின் மக்கள் முஸ்லிம் குடும்பச் சட்டத்தை வைத்துக்கொண்டே குடிமக்கள் ஆனார்கள். ஒரு குடியேற்ற நாட்டு உறுப்பினர் தனி ஆளாகச் சாதித்த பெரிய காரியம் இது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, நான்கு ஊர்களுக்கு வெளியே இருந்த லட்சக்கணக்கானவர்கள்? அவர்கள் குடியுரிமை இல்லாத வெறும் பிரஜைகள். விசாரணை இல்லாமல் தண்டிக்கலாம், கட்டாய வேலை வாங்கலாம். ராணுவத்துக்கு ஆள்பிடிப்பதை எதிர்த்து 1915-16இல் மேல் வோல்டா (இன்றைய புர்கினா ஃபாசோ) பகுதியில் பெரிய கலகமே நடந்திருந்தது. அதைப் பார்த்த பிறகும், 1918இல் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோ கேட்டதும் தியான்யே ஆள் திரட்டக் கிளம்பினார். மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் 60,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பதக்கம், வரிச்சலுகை, மருத்துவமனை என்று வாக்குறுதிகளை அள்ளி வீசினார்கள். இனியும் ஆள் எடுக்கக் கூடாது என்ற பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவின் கவர்னர் ஜெனரல் வான் வோலன்ஹோவன் பதவியை விட்டு விலகிப் போர்முனைக்குப் போய்ச் செத்தார். குடியேற்ற ஆட்சியின் வெள்ளைக்கார அதிகாரி அவர். அவரே வேண்டாம் என்று நின்ற இடத்தில், ஆப்பிரிக்க உறுப்பினர் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார் என்பது என்னை இன்னும் உறுத்துகிறது.

போர் அவசரம் என்று அதற்காவது ஒரு சமாதானம் சொல்லலாம். 1930க்கு என்ன சொல்வது? ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு கட்டாய வேலையை ஒழிக்கப் பேசியபோது, பிரான்சின் பிரதிநிதியாக எழுந்து அந்த முறைக்கு வக்காலத்து வாங்கினார். சாலை போடவும் தண்டவாளம் இழுக்கவும் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களில் ஒருவருக்கும் அவரைத் தோற்கடிக்க ஓட்டு இல்லை. மறு ஆண்டு குடியேற்ற நாடுகளுக்கான துணை அமைச்சர் ஆனார். 1934இல் சாகும்வரை உறுப்பினர் பதவி அவரிடமே இருந்தது.

கட்டாய வேலையை ஒழித்த சட்டம் 1946 ஏப்ரலில் வந்தது. கொண்டுவந்தவர் ஐவரி கோஸ்ட்டின் உறுப்பினர் ஹூஃபுவே-புவான்யி. அடுத்த மாதமே எல்லாப் பிரஜைகளையும் குடிமக்களாக்கிய சட்டத்தை நிறைவேற்ற வைத்தவர் செனகலின் லமின் கே. அதே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து செய்த வேலைகள்தான் இவை. தியான்யேவைக் கொண்டாடுகிற கூட்டங்களில் 1916ஐச் சொல்லும்போது 1930ஐயும் சொல்லுங்கள் என்பதுதான் நான் கேட்பது.