பழியை எடை மேல் மட்டும் போடாதீர்கள்

உடல் பருமன் கற்கும் திறனைக் குறைக்கிறது என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. சரி, அதற்கு ஆதாரம் இருக்கிறது. மூளையில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, கற்றலுக்குத் தேவையான டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் சமிக்ஞையும் பாதிக்கப்படுகிறது. ஆனால் தட்டில் இருப்பதை விட்டுவிட்டு எடையை மட்டுமே பேசுவது எனக்கு வலிக்கிறது.

சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தார் 2020-ல் வெளியிட்ட ஆய்வில் கலந்துகொண்டவர்கள் ஒல்லியான, ஆரோக்கியமான இளைஞர்கள். கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுக்கு மாறிய ஒரே வாரத்தில் நினைவாற்றல் சோதனையில் அவர்கள் பின்தங்கினார்கள். அதோடு, வயிறு நிறைந்த பிறகும் தின்பண்டத்தைப் பார்த்தால் ஆசை அடங்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. புதியதை நினைவில் பதிக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதிதான், இப்போதுதானே சாப்பிட்டோம் என்று பசியை அடக்கவும் உதவுகிறது.

என் மகள் கொஞ்சம் பருமன். வகுப்பில் யாரோ ‘மந்தம்’ என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு, “நான் குண்டா இருக்கறதாலதான் எனக்கு வரலையாம்மா?” என்று கேட்டாள். அழிரப்பர் தேய்த்துத் தேய்த்து அந்தப் பக்கமே கிழிந்திருந்தது.

அந்த இளைஞர்கள் பழைய உணவுக்குத் திரும்பி மூன்று வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவாற்றல் பழையபடி இருந்தது. தயவுசெய்து இதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.